எட்டுப் பிள்ளைக்குப் பிறகு ஓர் எழுத்து

கொழும்பு ஃபிளாட்டில் இரண்டு பேர் தாலியில்லாமல் குடித்தனம் நடத்தினால் அதற்கு ‘லிவிங் டுகெதர்’ என்று பெயர். ஹப்புத்தளைத் தோட்ட லயத்தில் அதையே செய்தால் ‘கூட்டியாந்து வச்சிருக்கான்’ என்று பெயர். முன்னதற்காக ஞாயிறு மலர்கள் கலாசாரத்தைத் தேடி அழும். பின்னதற்காக யாரும் மூக்கைக்கூடச் சிந்தியதில்லை. ஊவா மலைக்கு இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல. இங்கே நேற்று வந்தது கல்யாணச் சான்றிதழ்தான்.

தேயிலைக்கும் முன்பிருந்தே தொடங்குவோம். 1660இல் கண்டி அரசனிடம் அகப்பட்டு, 19 வருஷம் கைதியாகக் கிடந்து தப்பியோடிய ஆங்கிலேயன் ரொபர்ட் நொக்ஸ், ஊர் போய்ச் சேர்ந்து 1681இல் ஒரு புத்தகம் போட்டான். கண்டி ராஜ்யத்து ஜனங்கள் ஒத்துப்போனால் சேர்ந்திருக்கிறார்கள், ஒத்துப்போகாவிட்டால் அவமானமில்லாமல் பிரிகிறார்கள், அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே மனைவி இருப்பதும் உண்டு, பிள்ளைகள் இருவரையும் அப்பா என்றே கூப்பிடுகின்றன என்று எழுதினான். ஊவாவும் அந்த ராஜ்யத்தைச் சேர்ந்ததுதான். ஒரு பிள்ளைக்கு இரண்டு அப்பா இருந்த பூமியில், ‘அப்பன் பேர் என்ன?’ என்று கேட்க ஓர் உத்தியோகஸ்தர் தேவைப்பட்டதற்குக் காரணம் வெள்ளைக்காரன்.

1859இல் அவன் ஒரு சட்டம் போட்டான். கண்டியச் சிங்களவர் இனிமேல் கல்யாணத்தைப் பதிய வேண்டும், ஒருத்திக்கு ஒருவன்தான், பிரிய வேண்டுமானால் கோர்ட்டுக்கு வா. நம்ம பெரிய மனிதர்களும் சும்மா இருக்கவில்லை. இந்த ஒழுக்கத்தைக் கேட்டு மனுக் கொடுத்ததே கண்டித் தலைவர்கள்தான். ஜனங்கள் என்ன செய்தார்கள்? பதியவில்லை. பாட்டன் பூட்டன் வாழ்ந்தபடியே வாழ்ந்தார்கள். பத்து வருஷத்துக்குள் சட்டத்தின் கண்ணுக்கு மலைநாட்டுப் புதுக்குடித்தனங்களில் பெரும்பாலானவை கள்ளத்தொடர்பு, பிறந்த குழந்தைகள் முறைதவறியவை. ஒழுக்கத்தைக் காப்பாற்றப் போன சட்டம் ஒரு நாட்டையே ஒழுக்கங்கெட்டதாக்கிவிட்டு விழித்தது. 1870இல் இருவரும் சம்மதித்தால் பிரியலாம் என்று இறங்கி வந்தார்கள்.

இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தபோது, திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கங்காணி பின்னால் நடந்து வந்த நம்மவர்கள் மேலே கோப்பிக் காட்டில் இருந்தார்கள். கோப்பி பறிக்க வந்தது பெரும்பாலும் ஆண்கள், பழம் தீர்ந்ததும் ஊருக்கு நடையைக் கட்டுவார்கள். கோப்பியை நோய் தின்று தேயிலை வந்ததும் கதை மாறியது. கொழுந்துக்கு வருஷம் முழுக்கக் கை வேண்டும், அதுவும் பெண் கை. ஆக, நமது குடும்ப அமைப்பின் மூலவர் யாரென்று கேட்டால் தேயிலைச் செடியைத்தான் காட்ட வேண்டும்.

குடும்பம் நடத்தக் கொடுத்த இடம் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. அந்தக் காம்பராவுக்குள்ளேயே இரண்டு குடும்பம் இருந்த காலமும் உண்டு. குறுக்கே ஒரு சாக்குத் திரை. இதில் யார் யாரோடு ‘சேர்ந்து வாழ்ந்தார்கள்’ என்று இன்றைய சமூகவியல் பேராசிரியர் கேட்டால், எல்லாரும் எல்லாரோடும்தான் என்று சொல்ல வேண்டிவரும். கல்யாணம் என்றால் பரிசம், மஞ்சள் கயிறு, மாரியம்மன் கோயில், தப்பு மேளம். ஒத்துவராவிட்டால் தோட்டத் தலைவர், கங்காணி முன்னிலையில் தீர்த்துக்கொண்டு அறுத்துக் கட்டுவார்கள். ரெஜிஸ்ட்ராரை யாரும் தேடிப்போகவில்லை. அன்று போனால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடும், அரைப்பேர்கூடக் கிடைக்காது.

ஆனால் ஒரு கல்யாணத்தில் மட்டும் தோட்டம் குறையே வைக்காது. மாசி மாதம் காமன் கூத்தில் மன்மதனுக்கும் ரதிக்கும் நடக்கும் கல்யாணம். மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, ஊர்வலம், அழைப்பு எல்லாம் உண்டு. சொந்தக் கல்யாணத்தைக் கடனில் முடித்தவர்கள் மன்மதன் கல்யாணத்தை ஜாம் ஜாம் என்று நடத்துவார்கள். முடிந்த கையோடு மாப்பிள்ளையைச் சிவன் எரித்துவிடுவார். கல்யாணத்தைப் பற்றித் தோட்டத்துக்கு இருக்கும் அபிப்பிராயம் இதைவிடத் தெளிவாக எங்கும் பதிவாகவில்லை.

பெரிய பங்களாப் பக்கம் எட்டிப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். 1890இல் தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கிய சேர் தோமஸ் லிப்டன் 1931இல் சாகும்வரை கல்யாணம் கட்டவேயில்லை. ஒரு தொழிலாளி முப்பது வயதில் தனிக்கட்டையாக நின்றால் ‘என்ன கோளாறு?’ என்று லயமே கேட்கும். லிப்டனை யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் அவர் குந்தியிருந்த இடத்தைப் பார்க்கப் புதுமணத் தம்பதிகள்தான் விடிகாலையில் ஏறுகிறார்கள். அவரைப் போலக் கோடீஸ்வரர் அல்லாத சின்னத்தொரைமாருக்கு, அதாவது உதவித் தோட்ட அதிகாரிகளுக்கு, கல்யாணம் செய்யக் கம்பெனியின் அனுமதி வேண்டியிருந்தது. கொழுந்துக்காரியோடு இருக்க அனுமதி வேண்டியிருக்கவில்லை. அப்படிப் பிறந்த பிள்ளைகளுக்காக நுவரெலியாவில் பெயின்டர் பாதிரியார் ஒரு விடுதியே நடத்த வேண்டிவந்தது. ஓவியர் டேவிட் பெயின்டரின் தகப்பனார் அவர். ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் ஒழுக்கம் பேசிய தொரைமாரின் வரலாற்றை எழுத அந்த விடுதியின் இடாப்பு ஒன்றே போதும்.

இதற்கிடையில் லண்டனில் ஒரு வேடிக்கை. ஆணும் பெண்ணும் புருஷன் பெண்சாதியாகச் சேர்ந்து வாழ்ந்தது நிரூபணமானால், மாறாக யாராவது தெளிவாக நிரூபிக்கும்வரை அவர்கள் முறையாகக் கல்யாணம் ஆனவர்கள் என்றே சட்டம் கொள்ளும் என்று பிரிவி கவுன்சில் 1881இல் சொன்னது. வழக்குப் போனது இலங்கையிலிருந்து, அதுவும் தமிழர் வழக்கு. 1927இல் இன்னொன்றில் தீர்ப்பு வந்தது: சிங்களவர்கள் தொன் அந்திரிஸ், பாலஹாமி. இருபது வருஷம் ஒரே வீடு, எட்டுப் பிள்ளை. வந்த விருந்தாளிகளை இருவரும் வீட்டுக்காரன் வீட்டுக்காரியாக நின்று வரவேற்றார்கள் என்பதைக்கூட நீதிபதிகள் சாட்சியாக எடுத்தார்கள். விருந்தாளிக்குப் போட்ட சோறு தாலிக்குச் சமமாகிவிட்டது. இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2022இல்கூட, நெடுநாள் சேர்ந்து வாழ்ந்த ஒரு ஜோடியின் வழக்கில் இந்தத் தீர்ப்பைக் காட்டியிருக்கிறது. சென்னை ஐ.டி. பையனும் பெண்ணும் தாங்கள் அமெரிக்காவைப் பார்த்துச் செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாவம், பாலஹாமியைத் தெரியாது.

பிறகு சுதந்திரம் வந்தது, நம்மவர்களின் குடியுரிமை போனது. 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி திரும்பக் கேட்க வேண்டுமானால் இங்கே தொடர்ந்து வசித்திருக்க வேண்டும்: கல்யாணமாகாதவர் 10 வருஷம், ஆனவர் 7 வருஷம். தாலிக்கு மூன்று வருஷக் கழிவு! பெண்சாதியும் இங்கேயே இருந்ததைக் காட்ட வேண்டும். விசாரணை எப்படி நடந்திருக்கும் என்று யாரும் ஊகிக்கலாம்.

“கல்யாணம் எப்ப?”

“மூத்தவ பொறக்கிறதுக்கு முந்தின தீவாளிக்கு, மாத்தியா.”

“சாட்சி?”

“மூத்தவதான், மாத்தியா. வெளிய நிக்குது.”

எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. மிச்சப் பேரில் பெரும்பாலானோரை 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் பங்கு பிரித்தார்கள். ஏழு பேர் அங்கே போனால் நாலு பேருக்கு இங்கே. இந்தக் கணக்கில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே, கட்டியவள் ஒரு பக்கம், கட்டியவன் ஒரு பக்கம். ஏற்றிப்போன ரயிலுக்கு ஜனங்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. குடும்பம் புனிதமானது என்று மேடையில் பேசிய இரண்டு அரசாங்கங்கள் பிரித்துவைத்த அளவுக்கு, ஓடிப்போன எந்தப் பயலும் எந்தக் குடும்பத்தையும் பிரித்ததில்லை. இங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை, மேலே போவோம்.

1995இல் கல்யாண வயது 18 ஆனது. நல்ல சட்டம். ஆனால் லயத்தில் ஃபோனில் பழகிப் பதினேழில் கிளம்பிவிடும் பிள்ளைக்கு, வயது வரும்வரை எழுத்து, அதாவது பதிவுக் கல்யாணம், வைக்க முடியாது. அதனால் முதலில் குடித்தனம், பிறகு குழந்தை, கடைசியில் எழுத்து. பாட்டி போன வழியேதான்.  அறுபது வயதில் எழுத்து வைக்கும் ஜோடிகளும் உண்டு. இப்போது காணி, தனி வீடு என்கிறார்கள், பட்டியலில் குடும்பமாக ஏற வேண்டுமல்லவா? பதுளைக் கச்சேரி வாசலில் அப்படி ஒரு ஜோடி நிற்பதாக வையுங்கள். கூட வந்த பேத்தி கேட்கிறாள்:

“அம்மாயி, அப்ப இவ்வளவு நாளா நீயும் தாத்தாவும் சும்மாதான் இருந்தீங்களா?”

“வாய மூடுடி. சும்மா இருந்திருந்தா நீ எங்கருந்து வந்த?”