எனக்கு அப்பவே தெரியும்!

1960-ல் ‘சைக்கோ’ வெளியானபோது, படம் தொடங்கியபின் யாரையும் உள்ளே விடக் கூடாதென்று இயக்குநர் ஹிட்ச்காக் கட்டளையே போட்டார். நியாயம்தான். போஸ்டரில் பார்த்த நாயகி ஜேனட் லீ பாதிப் படத்துக்கு முன்பே குளியலறையில் செத்துப்போவார்; தாமதமாக வந்தவர் கடைசிவரை அவரைத் தேடிக்கொண்டிருப்பார். அலறிய கூட்டத்துக்குத் தெரியாது, வழிந்தோடியது சாக்லேட் சிரப் என்று. (நல்லவேளை, கறுப்பு வெள்ளைப் படம்.) ஜேனட் லீயே அதன்பின் ஷவரில் நிற்கப் பயந்தாராம். இதெல்லாம் ஒருவரை மட்டும் அசைப்பதில்லை: நம் பக்கத்து இருக்கைக்காரர். “அந்தக் கொலைகாரன் மேல எனக்கு அப்பவே டவுட்டு சார்” என்பார், விளக்கு போட்ட பிறகு. அதுவரை கண்ணைப் பொத்தியிருந்த கைக்குட்டை இன்னும் அவர் மடியில்தான் கிடக்கும்.