முன் ஏரும் பின் ஏரும்: கிரீட் தீவின் குவாட் பைக் வரிசை குறித்து ஓர் ஆராய்ச்சி

கிரீட் தீவைப் பற்றி எழுத இனி ஒன்றும் மிச்சமில்லை என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. 1900இல் ஆர்தர் எவான்ஸ் க்னோசஸ் அரண்மனையைத் தோண்டத் தொடங்கியதிலிருந்து, அங்கே கிடைத்த பானை, பானைமேல் வரைந்த ஆக்டோபஸ், அரண்மனைச் சாக்கடை, அரசியின் குளியல் தொட்டி என்று எதையும் அறிஞர்கள் விட்டுவைக்கவில்லை. ஆனால் ஹெர்சோனிசோஸ், மாலியா முதலான வடகரை ஊர்களிலிருந்து கோடைக்காலக் காலை வேளைகளில் கிளம்பி, லசிதி மலைகளை நோக்கிப் புழுதி பறக்க ஏறிப்போகும் குவாட் பைக் வரிசைகளை அவர்களில் யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கண்ணில் தூசிதான் விழுந்திருக்கும்.

ஆய்வின் முடிபை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடைசிவரை படிக்கிறவர்கள் குறைந்துவருகிறார்கள். வழிகாட்டியுடன் போகும் குவாட் பயணத்தில், முன்னால் போகிறவர் வழியை மட்டுமே காட்டுகிறார். மொத்த வரிசையையும் ஓட்டுவது கடைசி ஆள். முன் ஏர் போன வழியே பின் ஏர் போகும் என்று நம் முன்னோர் சொன்னது உழவுக்குச் சரி. கிரீட் மலைப்பாதையில் பின் ஏர் போகிற வேகத்தில்தான் முன் ஏர் போகும்.

ஆய்வுப்பொருளை வரையறுத்துக்கொள்வோம். குவாட் பைக் என்பது பைக்கின் ஹேண்டில்பாரும் காரின் சக்கர எண்ணிக்கையும் கொண்டு, இரண்டின் வசதிகளையும் தவிர்த்துவிட்ட ஊர்தி. கதவும் ஏசியும் இல்லை, ஆகவே கார் அன்று. சந்தில் நுழையாது, வளைவில் சாயாது, ஆகவே பைக்கும் அன்று. இதன் மூதாதை 1970இல் ஹோண்டா வெளியிட்ட யூ.எஸ்.90. அதற்கு மூன்றே சக்கரம். மறுவருடமே ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தில் தலைகாட்டும் அளவுக்குப் புகழ்பெற்றது. நான்காவது சக்கரத்தை 1982இல் சுசுகி சேர்த்தது. மூன்று சக்கர வண்டிகள் கவிழ்வதில் காட்டிய உற்சாகம் தாங்காமல், 1988இல் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி தயாரிப்பாளர்கள் அங்கே அவற்றின் விற்பனையை நிறுத்தினார்கள். நான்கு சக்கர வண்டியும் கவிழும். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கவிழும்.

அது யோசிக்கும் இடம் வளைவு. வாடகைக்குக் கிடைக்கும் சிறிய குவாட்கள் பெரும்பாலானவற்றில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கமாகப் பூட்டியவை, டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் ஓடவேண்டும். இந்த வண்டியிலோ இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும். மண்பாதை என்றால் ஏதாவது ஒரு சக்கரம் சறுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தார்ச்சாலையில் டயர்கள் பிடித்துக்கொள்வதால், ஹேண்டிலை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேரே போகிறேன் என்று அடம்பிடிக்கும். உடம்பை வளைவின் உள்பக்கமாகச் சரித்து, பாரத்தை மாற்றி உட்கார்ந்தால்தான் வழிக்கு வரும்.

இதில் அதிகம் தவிப்பவர்கள் ஆயுள் முழுக்க பைக் ஓட்டியவர்கள். ஏறி உட்கார்ந்ததும் வலக்கை மணிக்கட்டை முறுக்குவார்கள், ஒன்றும் நடக்காது. ஆக்சிலரேட்டர் கட்டைவிரலால் அழுத்தும் ஒரு சின்ன நெம்பு. வண்டி தடுமாறினால் பழக்கதோஷத்தில் காலைத் தரையில் ஊன்றுவார்கள். பின்சக்கரம் அந்தக் கால்மேலேயே ஏறப்பார்க்கும். பைக்கே ஓட்டத் தெரியாதவர்கள் இந்த இரண்டு தப்பையும் செய்வதில்லை. அனுபவம் இடைஞ்சலாகும் துறைகளில் இதுவும் ஒன்று. கட்டைவிரலைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை: மலை ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், அதன் அடிச்சதை உள்ளங்கையோடு சேரும் இடத்தில் ஒரு வலி வந்து உட்காரும். விரலை எடுத்தால் வண்டி நிற்கும், எடுக்காவிட்டால் வலி நிற்காது. இடக்கையைக் குறுக்கே கொண்டுவந்து அழுத்திப் பார்ப்பவர்கள் உண்டு. அவர்கள் அதிக தூரம் போவதில்லை.

இத்தகைய ஊர்தி கிரீட்டில் வந்து நிலைகொண்டது தற்செயல் அன்று என்பது எமது துணிபு. சான்று ஒன்று: க்னோசஸில் கிடைத்து இப்போது ஹெராக்லியோன் அருங்காட்சியகத்தில் இருக்கும் காளை தாண்டும் சுவரோவியம். அதில் ஒருவர் பாயும் காளையின் கொம்பைப் பிடித்திருக்கிறார். இன்னொருவர் அதன் முதுகுக்குமேல் தலைகீழாக இருக்கிறார். மூன்றாமவர் வாலுக்குப் பின்னால் இரு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்கிறார். இது சடங்கா விளையாட்டா என்று அறிஞர்கள் நூறு வருடமாக மல்லுக்கட்டுகிறார்கள். ஒருமுறை குவாட்டில் போய்வந்தால் ஐயம் தீர்ந்துவிடும். கொம்பைப் பிடித்திருப்பவர் ஓட்டுநர். அந்தரத்தில் இருப்பவர் பின்னிருக்கையில் வந்த மனைவி. கைநீட்டி நிற்பவர் வாடகைக் கடைக்காரர். சேதத்துக்கு முன்பணத்தில் பிடித்துக்கொள்ள நீட்டிய கை அது.

சான்று இரண்டு இன்னும் வலுவானது. இலியட் காவியத்தின் பத்தாம் பகுதியில், இரவு வேவு பார்க்கக் கிளம்பும் ஒடிசியஸுக்கு மெரியோனஸ் என்ற கிரீட் வீரன் தன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கொடுக்கிறான். தோலால் ஆனது, வெளியே காட்டுப்பன்றிக் கோரைப்பற்கள் வரிசையாகப் பதித்தது. அந்தக் கவசத்தின் ஜாதகத்தையே ஹோமர் சொல்லிவிடுகிறார். ஒருவன் ஒரு வீட்டை உடைத்துத் திருடியது, அவன் இன்னொருவனுக்குக் கொடுத்தது, அவன் தன் விருந்தாளிக்குப் பரிசளித்தது, விருந்தாளி தன் மகன் மெரியோனஸுக்குக் கொடுத்தது. ஆக, பல தலை கண்ட ஹெல்மெட்டை ஒரு கிரீட்டுக்காரர் கையிலிருந்து வாங்கி மாட்டிக்கொண்ட முதல் வெளியூர்க்காரர் ஒடிசியஸ். இன்று ஹெர்சோனிசோஸ் கடையில் நீட்டப்படும் ஹெல்மெட்டில் பன்றிப்பல் கிடையாது; முந்தைய தலைகளின் வியர்வை வாசனை மட்டும் மரபு மாறாமல் இருக்கிறது. குவாட்டுக்கு கிரேக்கர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் ‘குரூனா’, அதாவது பெண் பன்றி. தலைமேல் இருந்த பன்றி காலத்தால் இருக்கைக்குக் கீழே இடம்பெயர்ந்திருக்கிறது, அவ்வளவே.

காகித விவகாரத்தைச் சுருக்கமாக முடித்துக்கொள்வோம். கார் ஓட்டும் உரிமம் கேட்பார்கள்; இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு போவது நல்லது. பிறகு ஒரு படிவம் வரும். இத்தீவில் கிடைத்த லீனியர் ஏ எழுத்தையும், 1908இல் ஃபைஸ்டோஸில் கண்டெடுத்த களிமண் தட்டையும் இன்றுவரை யாரும் படித்ததில்லை. இந்தப் படிவத்தையும் யாரும் படித்ததில்லை. எல்லோரும் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறார்கள்.

கிளம்புமுன் வழிகாட்டி சில நிமிடங்கள் அறிவுரை சொல்வார். இத்தீவில் பயணத்துக்கு முன் அறிவுரை சொன்ன முதல் வழிகாட்டி கிரேக்கப் புராணத்து டீடலஸ். மெழுகில் ஒட்டிய இறகுகளோடு மகன் இகாரஸைக் கூட்டிக்கொண்டு தீவைவிட்டுப் பறக்குமுன், ரொம்ப மேலே போனால் வெயிலில் மெழுகு உருகும், ரொம்பத் தாழ்ந்தால் கடல் ஈரத்தில் இறகு கனக்கும், என் பின்னாலேயே வா என்றார். அறிவுரையில் ஒரு குறையும் இல்லை. குறை வேறிடத்தில்: வரிசையின் கடைசி ஆள் தன் இஷ்டத்துக்குப் பறந்தான், முன்னால் போனவர் தாமதமாகத் திரும்பிப் பார்த்தார். இன்றைய வழிகாட்டியும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறார்: முன்வண்டியை ரொம்ப நெருங்காதே, ரொம்ப விலகாதே, முந்தாதே, கையைத் தூக்கினால் நில். ஆனால் அவர் டீடலஸிடம் பாடம் கற்றவர். சாலையைப் பார்ப்பதைவிட, பக்கக் கண்ணாடியில் பின்னால் எத்தனை வண்டி என்று எண்ணுவதே அவருக்கு முக்கிய வேலை.

இனி ஆய்வின் நடுப்பகுதி: புழுதி. கிரீட்டில் கோடை முழுக்க மழை கிட்டத்தட்ட இல்லை. மலை சுண்ணாம்புக்கல் மலை. வண்டிகள் ஏறி ஏறி மாவாக அரைத்த வெளுத்த மண், ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே பாதை நெடுகக் கிடக்கிறது; ஓரத்து மரங்களின் இலைகள் சாம்பல் பூத்திருக்கின்றன. வழிகாட்டிக்குப் புழுதி கிடையாது. அவருக்கு அடுத்தவருக்கு ஒரு வண்டிப் புழுதி, அதற்கடுத்தவருக்கு இரண்டு வண்டிப் புழுதி. பத்தாவது ஆளுக்கு ஒன்பது. பல்லைக் கடித்தால் நறநறக்கிறது, இமைமுடி வெளுத்துவிடுகிறது. கண்ணாடியைக் கழற்றும்போது கண்ணைச் சுற்றி மட்டும் சொந்த நிறத்தில் இரண்டு வட்டம்.

இந்தப் பத்தாவது ஆள் என்ன செய்கிறார்? கட்டைவிரலைக் கொஞ்சம் தளர்த்துகிறார். இடைவெளி விழுகிறது. புழுதி அடங்குகிறது, மலை தெரிகிறது, காட்டுத் தைம் செடியின் மணம்கூட வருகிறது. மனிதருக்கு வாழ்க்கை பிடித்துப்போய் இன்னும் கொஞ்சம் தளர்த்துகிறார். முன்னால் வழிகாட்டி கண்ணாடியில் எண்ணுகிறார், ஒன்று குறைகிறது. வேகத்தைக் குறைக்கிறார். நடுவில் இருப்பவர்கள், ஏன் எதற்கு என்று தெரியாமல், பிரேக் பிடித்துத் தங்களுக்குள் முனகிக்கொள்கிறார்கள். கடைசித் தலை தெரிந்ததும் வழிகாட்டி வேகம் எடுக்கிறார். புழுதி மறுபடி எழுகிறது. பத்தாவது கட்டைவிரல் மறுபடி தளர்கிறது. ஒன்பது பேரின் வேகத்தையும் நிறுத்தத்தையும், யாருக்கும் தெரியாமல், தமக்கே தெரியாமல், பின்னாலிருந்து ஒரு கட்டைவிரல் நடத்திக்கொண்டிருக்கிறது.

அதிகாரம் இருந்தால் சுகமும் இருக்கும் என்று எண்ணவேண்டாம். பாதை பிரியும் இடங்களில் வழிகாட்டி நின்று எல்லோரையும் சேர்த்துக்கொள்வார். முதலில் வந்தவர்கள் இறங்கி, தண்ணீர் குடித்து, விரலை நீவி, கடலைப் பின்னணியாக வைத்து செல்ஃபி எடுத்து, எடுத்தது சரியில்லை என்று மறுபடியும் எடுத்து முடிக்கும்போது கடைசி ஆள் வந்துசேர்வார். அவர் வந்ததும் வழிகாட்டி திருப்தியோடு தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்புவார். பயணம் முழுவதிலும் ஓய்வே கிடைக்காத ஒரே ஆள், எல்லோருக்கும் ஓய்வு கொடுத்த ஆள்தான்.

மறுப்பாளர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம்: பெரிய குழுக்களில் வாலில் இரண்டாவது வழிகாட்டி ஒருவர் வருகிறாரே, அவரல்லவா கடைசி? வருகிறார், உண்மை. ஆனால் அவர் கடைசிப் பயணியை முந்தக்கூடாது, விரட்டக்கூடாது, அவர் நின்றால் தாமும் நிற்கவேண்டும். இதற்குப் பெயர் மெய்க்காப்பாளர் உத்தியோகம். எமது கருத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வழியில் பார்க்க நிறைய இருக்கிறது. பார்ப்பது வரிசையில் எந்த இடம் என்பதைப் பொறுத்தது. அபோசெலெமிஸ் அணையில் பாதி மூழ்கிய ஸ்ஃபெண்டிலி கிராமம் இருக்கிறது. தண்ணீர் வற்றும் காலங்களில் கூரையற்ற வீடுகள் வெளியே தெரியும். அதற்கு மேலே மோக்கோஸ், 1986இல் சுட்டுக் கொல்லப்பட்ட சுவீடன் பிரதமர் ஓலோஃப் பால்மே கோடை விடுமுறைக்கு வந்து தங்கிய ஊர். மலைச்சாலை அறிவிப்புப் பலகைகளில் துப்பாக்கிக் குண்டுத் துளைகள் காணப்படும். கிரீட் மலைக்காரர்களுக்குப் பலகைதான் குறி. இது இத்தீவின் படிக்கப்படாத இன்னொரு எழுத்துமுறை என்போரும் உளர், நாமும் உளோம். வளைவுகளில் சிறு கோயில் வடிவில் பெட்டிகள் நிற்கும். உள்ளே எண்ணெய் விளக்கும் புனிதர் படமும். சில, விபத்தில் இறந்தவர் நினைவாக வைத்தவை; சில, பிழைத்தவர் நன்றிக்கு வைத்தவை. எது எந்த வகை என்று வண்டியிலிருந்து சொல்லமுடியாது. இரண்டுக்குமே வேகத்தைக் குறைக்கலாம்.

கிராசி என்ற ஊரில் எல்லோரும் இறங்குவார்கள். அங்கே ஒரு பிரம்மாண்டமான பிளேன் மரம். தண்டைக் கட்டிப்பிடிக்க ஒரு டஜன் பேர் கைகோக்க வேண்டும் என்பார்கள். எதிரே கல் வளைவுகளுக்குள்ளிருந்து ஊற்றுநீர் விழுகிறது. முதலில் வந்தவர்கள் காபி குடித்துக்கொண்டிருக்க, கடைசி ஆள் நேரே அந்தத் தண்ணீருக்குப் போய் முகம் கழுவுகிறார். வழிந்தோடும் நீர் பால்போல் வெளுத்திருக்கிறது. பின்னிருக்கைக்காரர்களுக்கு ராக்கி என்ற உள்ளூர்ச் சாராயம் உண்டு. ஓட்டுபவர்களுக்கு எலுமிச்சைச் சாறு. அதற்கும் மேலே, ஏறக்குறைய 840 மீட்டர் உயரத்தில் லசிதி சமவெளி. அதன் ஓரத்துக் குகை ஒன்றில்தான் கிரேக்கக் கடவுள் ஜீயஸ் பிறந்தார் என்பது ஐதீகம். பிள்ளையை விழுங்கக் காத்திருந்த தகப்பன் காதில் அழுகுரல் விழாதிருக்க, காவலர்கள் ஈட்டியால் கேடயத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்களாம். இந்தக் கதையைத்தான் வழிகாட்டி சொல்லிக்கொண்டிருக்கிறார். பத்து வண்டி உறுமலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

இதற்குப் பரிகாரம் உண்டு. அனுபவசாலி வழிகாட்டிகள் அதைச் செய்கிறார்கள். ஆக மெதுவாக ஓட்டுபவரைத் தமக்கு நேர் பின்னால் வைத்துக்கொள்கிறார்கள். வரிசை பிய்யாது, எண்ணிக்கை குறையாது, வீரர்கள் பின்னால் கிடந்து புழுதி தின்பார்கள். அங்கே போகும் வாசகர்களுக்கு எமது வேண்டுகோள் ஒன்றே. கடையில் நிற்கும்போது, பைக் ஓட்டி எவ்வளவு வருடம் ஆயிற்று என்று யாரிடமும் பெருமை பேசாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது என்று வழிகாட்டியிடம் சொல்லுங்கள். இரண்டாவது இடம் கிடைக்கும்.