கச்சான் காற்றும் ஒரு செவ்ரோலேயும்

கேள்வி: கனடாவிலிருந்து வந்த மாமா 1957 செவ்ரோலே பெல் ஏர் காரின் பிளாஸ்டிக் மாடல் பெட்டி ஒன்று தந்தார். 25-இல் ஒரு பங்கு அளவு. லயத்து வீட்டில் வைத்து இதைச் செய்ய முடியுமா?
– ஒரு வாசகர், பசறை

பதில்: தாராளமாக, தம்பி! 5 மீட்டர் காரை 20 சென்டிமீட்டராக்கித் தந்திருக்கிறார்கள். லயத்தில் நிறுத்த இதைவிடத் தோதான அமெரிக்கக் கார் ஏது? பசையில்தான் கவனம். அது வெறுமனே ஒட்டுவதில்லை, பிளாஸ்டிக்கை உருக்கி இணைக்கிறது. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுப் பட்டாலும் மங்கிவிடும். அதற்கு வெள்ளைப் பசை போதும். பிளாஸ்டிக் பசை தீப்பற்றக்கூடிய சாமான், அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள், இஸ்தோப்பில் உட்காருங்கள்.

பெயின்டுக்கு மட்டும் பொறுமை வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்பிரே அடித்தால் ஈரம் படிந்து, பதுளை மலையில் பனிமூட்டம் இறங்கியதுபோலக் கார் வெளிறிப்போகும். ஆடி, ஆவணியில் கச்சான் வீசட்டும். ஊவாத் தேயிலைக்கு மணம் ஏற்றும் அந்த வறண்ட காற்றே உங்கள் செவ்ரோலேக்கும் மினுக்கம் தரும்.

பெட்டியில் மிஞ்சும் சக்கரங்களை எறிந்துவிடாதீர்கள். பக்கத்து லயத்தில் ஒரு பிள்ளை, பழைய செருப்பை வட்டமாக வெட்டித் தன் தகரக் காருக்குப் பூட்டிக்கொண்டிருக்கும். அதைக் கூப்பிட்டுக் கொடுங்கள். பசை பூசவும் சொல்லிக்கொடுங்கள்.