மழை விரிக்கும் பந்தி: கோடியக்கரை கேள்வி-பதில்

கேள்வி: ஐப்பசி அடைமழையில் ஊரே வீட்டுக்குள் முடங்கும்போது பறவைகள் ஏன் கோடியக்கரைக்குக் கூட்டம் கூட்டமாக வருகின்றன?

பதில்: அவை விட்டுவந்த ஊரில் குளிர்காலம் எப்படி இருக்கும் என்று பாருங்கள். சைபீரியாவின் வடகோடியில் சேறு கல்லாக உறைந்துவிடும். புழு, பூச்சிக்கு வழியே இல்லை. கோடியக்கரையை ஒட்டிய வேதாரண்யம் சதுப்பிலோ அப்போதுதான் அடுப்பு மூட்டுகிறார்கள்! கோடையில் வற்றி உப்புப் பூத்துக் கிடந்த நிலத்தில் வடகிழக்குப் பருவமழையின் நன்னீர் பாய்கிறது. உப்பின் கடுமை தணிந்ததும் சேற்றில் சிற்றுயிர்கள் பெருகுகின்றன. சுமார் 25 கிராம் எடையுள்ள கொசு உள்ளான், ஆர்க்டிக் கரையிலிருந்து பறந்து வருவது இதற்காகத்தான்.

கேள்வி: இத்தனை பறவைகளுக்குள் சாப்பாட்டுச் சண்டை வராதா?

பதில்: பெரும்பாலும் வராது. அலகின் நீளமும் காலின் உயரமும் பார்த்து இடம் ஒதுக்கியாயிற்று! குட்டை அலகுள்ள உப்புக்கொத்தி, சேற்றின் மேற்பரப்பில் ஓடியோடிக் கொத்தும். வளைமூக்கு உள்ளான், அலகை உள்ளே நுழைத்துத் துழாவும். நெட்டைக்கால் பூநாரையோ ஆழமான நீரில் நின்று, தலையைக் கவிழ்த்து, அலகின் சல்லடையால் இரையை வடிகட்டும். ஆகவே இங்கே நீர்மட்டமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மழை பொய்த்தால் சேறு காய்ந்துவிடும். ஒரேயடியாகக் கொட்டினால் குட்டைக்கால் பறவைகளுக்கு நிற்க இடமிருக்காது.

கேள்வி: சில பூநாரைகள் சாம்பல் நிறத்தில் நிற்கின்றனவே, நோயா?

பதில்: இளமை!

பாசியிலும் சிறு இறால் வகைகளிலும் உள்ள நிறமிகள் உடம்பில் சேரச் சேரத்தான் இளஞ்சிவப்பு ஏறும். அதற்குச் சில ஆண்டுகள் ஆகும்.

கேள்வி: புல்வெளியில் கறுப்பு மான், பழுப்பு மான் என்று இரண்டு வகை உண்டா?

பதில்: இரண்டும் வெளிமான்தான். முறுக்குக் கொம்போடு கருத்திருப்பது வளர்ந்த ஆண். பழுப்பு நிறத்தவை பெண்களும் குட்டிகளும். இவற்றைக் காக்கத்தான் 1967-இல் இங்கே சரணாலயம் அமைந்தது. அதே புல்லை மட்டக்குதிரைகளும் மேய்கின்றன. போதாததற்குச் சீமைக்கருவேலமும் மேய்ச்சல் வெளியை விழுங்குகிறது.

கேள்வி: புயல் வந்தால் மான்களும் பறவைகளும் எங்கே ஒதுங்கும்?

பதில்: கிழக்கிலும் தெற்கிலும் கடல், வடக்கிலும் மேற்கிலும் சதுப்பு. ஒதுங்க இடம் குறைவு. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்தபோது மான்களும் பறவைகளும் பல மாண்டன. காட்டு மரங்கள் சாய்ந்தன. கரையோரக் காடு அடர்த்தியாக இருந்தால்தான் அடுத்த புயலில் மானுக்கு ஒரு மறைவாவது கிடைக்கும்.

கேள்வி: எப்போது போகலாம்? படம் எடுக்கக் கிட்டே போகலாமா?

பதில்: நவம்பர் முதல் ஜனவரி வரை, விடியற்காலையில் போகலாம். கிட்டே மட்டும் போக வேண்டாம். பறவைக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டு எடுக்கும் ஒவ்வொரு படமும் அவற்றின் தீனி நேரத்தைத் தின்கிறது. வடக்கே திரும்பும் பயணத்துக்கு அவை கொழுப்புச் சேர்த்தாக வேண்டும். இருநோக்கி எடுத்துச் செல்லுங்கள். கரையில் நின்றே பூநாரையின் அலகு வரை பார்க்கலாம்.