உருளாத் திரை: குற்றமும் அழகும்

ரொறன்ரோத் திருமண மண்டபங்களில் கமரா பிடிப்போர் பொருட்டு இச்சிறு நூல் செய்யப்பட்டது. ஒரு நூலில் வரக்கூடாத குற்றம் பத்து, வரவேண்டிய அழகு பத்து என்று நன்னூலில் வகுத்துவைத்தார் பவணந்தியார். நூலுக்கு வகுத்தது கமராவுக்குப் பொருந்துமோ எனின், பொருந்தும். எந்த நூலைவிடவும் கமரா விலை கூடியது ஆகலின்.

ஈண்டு ஆராயப்படுவது சோனி ஆல்ஃபா 9இன் மூன்றாம் பதிப்பு. 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கமராக்களில் குளோபல் ஷட்டரோடு வந்த முதலாவது இதுதான். 24.6 மெகாபிக்சல். அமெரிக்காவில் 6,000 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. கனடா விலையை வீட்டில் சொல்லாமல் விடுவது மரபு.

சென்சர் மூவகைப்படும்: உருளுவது, விரைந்து உருளுவது, உருளாதது. உருளுவது, மேல்வரியில் தொடங்கிக் கீழ்வரி வரை ஒவ்வொன்றாக வாசிக்கும். விரைந்து உருளுவது ஸ்டாக்ட் சென்சர். நிக்கோன் இசட்9 இவ்வகை. அதன் வேகத்தை நம்பி, 2021இல் மெக்கானிக்கல் ஷட்டரே இல்லாமல் அந்தக் கமராவை விற்கத் துணிந்தார்கள். உருளாதது, அதாவது குளோபல் ஷட்டர், எல்லாப் பிக்சலையும் ஒரே கணத்தில் திறந்து ஒரே கணத்தில் மூடும்.

அஃதேல், உருண்டால் என்ன கேடு எனின், ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஒரு ஹோலுக்குப் போய்ப் பார்க்க. மேடைக்குப் பின்னால் எல்ஈடி சுவர், தூண்டோறும் ஊதா எல்ஈடி விளக்கு. இவை தொடர்ந்து எரிவதில்லை. விநாடிக்குப் பல நூறு, பல ஆயிரம் தடவை அணைந்து எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, வரிவரியாக வாசிக்கும் சென்சருக்குத் தெரியும். விளக்கு எரிகையில் சில வரிகளையும் அணைகையில் சில வரிகளையும் அது எடுத்துவிடும். மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டி ஊதாப் பட்டையில், மூக்குத்தி கறுப்புப் பட்டையில், தாடை மறுபடி ஊதாவில். ஷட்டர் வேகத்தைக் கூட்டக் கூட்டப் பட்டை தெளிவாகும். மண்டப அலங்காரம் என்று சொல்லிப் பார்க்கலாம். பெண்ணின் தாயார் நம்பார்.

முகத்தில் பட்டை விழாமை, உருளாததன் முதல் அழகு.

இரண்டாம் அழகு, பிளாஷ். மற்றக் கமராக்கள் பெரும்பாலானவற்றில் விநாடியின் 200இல் அல்லது 250இல் ஒரு பங்குக்கு மேல் போனால் பிளாஷ் ஒழுங்காக ஒத்துவராது. ஒத்துவரச் செய்யும் வழி உண்டு. அதில் பிளாஷின் வலு போய்விடும். இதிலோ 80,000இல் ஒரு பங்கு வரை ஒத்துவரும். ஜூலை மாதம், எட்வர்ட்ஸ் கார்டன்ஸ், உச்சி வெயில், அகலத் திறந்த லென்ஸ். வானம் வெளிறாது, முகம் இருளாது, பின்னாலிருக்கும் மரம் கரைந்து நிற்கும். வெளியில் படம் எடுப்பவனுக்கு இது வரமே.

மூன்றாவது, அமுக்குமுன் எடுத்தல். பொத்தானைப் பாதி அமுக்கிக் காத்திருந்தால், முழுதாக அமுக்குமுன் கழிந்த ஒரு விநாடி வரையான படங்களையும் கமரா எடுத்து வைத்திருக்கும். கெட்டிமேளம் முழங்கிய பிறகு விழித்துக்கொண்டவனுக்கும் முதல் முடிச்சு கிடைக்கும். குறுக்கே கைபேசி நீட்டும் மாமாவின் முழங்கையும் கூடவே கிடைக்கும். அதற்கு நிவாரணம் எந்த சென்சரிலும் இல்லை.

முந்துநூல் உண்டோ எனின், உண்டு. 2004இல் வந்த நிக்கோன் டி70இன் சிசிடி சென்சரிலும் பிளாஷ் 500இல் ஒரு பங்கு வரை ஒத்துவந்தது. அந்த சிசிடியை 1969இல் ஜோர்ஜ் ஸ்மித்தோடு சேர்ந்து கண்டுபிடித்த வில்லார்ட் பொயில், நோவா ஸ்கோஷியாவில் பிறந்த கனடாக்காரர். 2009இல் நோபல் பெற்றார். நம் ஊர்க் கதையும் ஒன்றுண்டு. அப்போது ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் இருந்த டெட் சார்ஜென்ட் 2006இல் தொடங்கிய இன்விசேஜ், குவாண்டம் டொட் படலம் பூசிய சென்சரால் கைபேசிக்கே குளோபல் ஷட்டர் தருவோம் என்றது. 2017இல் ஆப்பிள் அதை வாங்கிக்கொண்டது.

இனிக் குற்றம். தலையாயது குன்றக் கூறல். ஒரே கணத்தில் மூடிய பிக்சல், தன்னை வாசிக்கும் வரை வெளிச்சக் கணக்கைக் கெடாமல் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே ஒரு சேமிப்பறை வேண்டும். அறைக்கு இடம் கொடுத்தால் வெளிச்சம் பிடிக்கும் கொள்ளளவு குறையும். ஆகவே இதன் அடிப்படை ஐஎஸ்ஓ 100 அன்று, 250. ஏட்டில் சிறு வேறுபாடு. நம் கல்யாணத்தில் பெரிது. வெள்ளைப் பட்டுவேட்டி, மேலே மின்னும் தங்கம், பக்கத்தில் அரக்குக் கூறை, மடிப்புக்குள் இருட்டு, அதற்கும் கறுப்பாகக் கூந்தல், எல்லாம் ஒரே படத்தில். வேட்டி வெளிறாமல் எடுத்துவிட்டுக் கூறையின் இருட்டைக் கம்ப்யூட்டரில் தூக்கினால், மடிப்பெல்லாம் மணல் மணலாகப் புள்ளி. படத்தை விட்டுவிட்டுக் கூறையின் விலையைப் பேசுவார்கள்.

அடுத்தது கூறியது கூறல். விநாடிக்கு 120 படம் என்றால் ஒன்றரை விநாடி அமுக்குவதற்குள் 180 படம். மாமி கண் சிமிட்டத் தொடங்கியது, பாதி சிமிட்டியது, முக்கால் சிமிட்டியது என்று உட்பிரிவுகள் தோன்றும். தெரிவு செய்பவனின் செவ்வாய்க்கிழமை தொலையும்.

மயங்கவைத்தலும் உண்டு. பட்டை அறவே வராது என்று நம்பி எல்ஈடி சுவரையே பின்னணியாக வைத்து அதிவேக ஷட்டரில் எடுத்தால், சுவரில் கறுப்புக் கோடு விழும். சுவரும் தன் விளக்குகளை வரிசை வரிசையாகத்தான் ஏற்றுகிறது. அது சென்சரின் பிழை அன்று. டீஜேயின் லேசர் எவ்வகைச் சென்சரையும் சுடும் என்பது புறனடை.

ஆயின் வாங்கலாமோ? ரோஜர்ஸ் சென்டரில் பேஸ்போல் எடுப்பவர் வாங்கலாம். வீசும் மட்டை அவருக்கு வளையாமல் கிடைக்கும். கல்யாணக்காரர் வாடகைக்கு எடுத்து இரண்டாம் கமராவாக வைத்துக்கொண்டால் போதும். முதற் கமரா விரைந்து உருளுவதாகவே இருக்கட்டும். 2024 நவம்பரில் ஆல்ஃபா 1இன் இரண்டாம் பதிப்பை இறக்கிய சோனியே அதில் ஸ்டாக்ட் சென்சரைத்தான் வைத்தது.

மணவீட்டார்க்கு ஒன்று. ஹோலுக்கு முற்பணம் கட்டும் நாளிலேயே எல்ஈடி சுவரின் ரிஃப்ரெஷ் ரேட் என்னவென்று கேளுங்கள். 3,840 ஹெர்ட்ஸ் என்றால் நல்லது. 1,920 என்றால் தாலி கட்டும் நேரத்துக்காவது சுவரை நிறுத்தச் சொல்லுங்கள். அதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.