ஊடு வேணும்னா மொதல்ல ஊடு வேணும்

டேய் பேராண்டி, இப்படி வந்து குந்து. லேப்டாப்பை மடியில வச்சிக்கினு, குடிசையில கெடக்கறவங்களுக்கெல்லாம் கவர்மெண்டு ஊடு வாங்கித் தர்றேன்னு மனு தட்டிக்கினு இருக்கியாமே? தட்டு, தட்டு. காலேஜ் படிச்ச விரலு சொம்மா இருக்கப்படாது. ஆனா மாகறல்ல பொறந்தவன் மனு எழுதறதுக்கு முன்னாடி ரெண்டு சங்கதி தெரிஞ்சிக்கணும். ஒண்ணு நம்ம கோயில் கதை. இன்னொண்ணு உத்திரமேரூர் கல்வெட்டு. ரெண்டும் உன் கூகுள்ல இருக்கும். ஆனா அது இந்தக் கெழவன் சொல்ற மாதிரி சொல்லாது.

மாகறலீஸ்வரர் கோயில் தலபுராணம் இன்னா சொல்லுது? இந்த ஊர்ல ஒரு பலா மரம். தெனம் ஒரு பழம் காய்க்குமாம். அந்தப் பழத்தை ஊர்க்காரன் மொறை வச்சித் தலையில சொமந்துக்கினு சிதம்பரத்துக்குப் போவணும். நடராஜருக்குப் படைச்சதும் பிரசாதம் சோழ ராஜாவுக்குப் போவும். ஒரு பையன் மொறை வந்தப்போ, இந்தச் சொமைக்கு மரந்தானே காரணம்னு மரத்தையே கொளுத்திட்டான். ராஜா அவனை ஊரைவிட்டே தொரத்திட்டாரு. அப்புறம் பொன் உடும்பு வந்தது, புத்துக்குள்ள பூந்தது, சாமி வந்தது, அதெல்லாம் குருக்கள் சொல்லுவாரு. நான் சொல்றது வேற. மேல போற பழத்துக்கு அன்னிக்கும் மனு தேவைப்படல, தெனம் தானாப் போச்சு. கீழ எறங்கி வர்ற பழத்துக்குத்தான் மனு, நகலு, போட்டோ, வரிசை எல்லாம்.

இப்ப கல்வெட்டு. வைகுண்டப் பெருமாள் கோயில் செவுத்துல பராந்தக சோழன் காலத்துல வெட்டி வச்சது, 1,100 வருஷம் ஆவுது. குடவோலைச் சபைக்கு யார் வரலாம்? வரி கட்டற நெலம் கால் வேலிக்கு மேல இருக்கணும். சொந்த மனையில ஊடு கட்டியிருக்கணும். வயசு 35-க்கு மேல, 70-க்குள்ள. எனக்கு எழுவது தாண்டிடுச்சு, அதனால எவனுக்கும் போட்டியில்ல, பயப்படாதே. அன்னிக்கு ஊடு இருக்கறவன் சபைக்குப் போனான். இன்னிக்கு ஊடு இல்லாதவன் கிராம சபைக்குப் போய் ஊடு கேக்கறான். நல்ல முன்னேற்றந்தான். ஆனா நடுவுல ஒரு வார்த்தை மாத்திரம் மாறவேயில்ல, பாத்தியா? மனை! அது அன்னிக்கும் சொந்தமா இருக்கணும், இன்னிக்கும் சொந்தமா இருக்கணும்.

கலைஞரின் கனவு இல்லம்னு 2024 பட்ஜெட்ல சொன்னாங்க. 2030-க்குள்ள எட்டு லட்சம் ஊடு, மொத வருஷம் ஒரு லட்சம். ஊட்டுக்கு மூணரை லட்சம் ரூபா, 360 சதுர அடி, அதுல 300 அடி கான்கிரீட் தளம். நல்ல திட்டம், நான் கொறை சொல்லல. யாருக்குன்னு கேளு. குடிசையில இருக்கறவனுக்கு. சரி. ஆனா குடிசை இருக்கற எடம் அவன் பேர்ல இருக்கணும். அங்கதான் உன் விரலு நின்னு போவும். குடிசை போட எவனும் பட்டா கேக்கறதில்ல. அந்தக் குடிசையைப் பிரிச்சி ஊடு கட்டறேன்னு சொல்லிப்பாரு, மொதக் கேள்வியே பட்டாதான்.

ஏரிக்கரையில மூணு தலைமுறையா கெடக்கறான் ஒருத்தன். அது நீர்நிலைப் புறம்போக்கு, தண்ணிக்கு ஆட்சேபணை. இன்னொருத்தன் மேய்க்கால்ல இருக்கறான், மாட்டுக்கு ஆட்சேபணை. ரோட்டோரம் இருந்தா ரோட்டுக்கு ஆட்சேபணை. இப்படிக் கெடக்கறதுல மனுசனுக்கு எதுனா ஆட்சேபணை உண்டான்னு கேக்கற கட்டம் மட்டும் எந்த பாரத்துலயும் இல்ல. ஆட்சேபணை இல்லாத புறம்போக்குல இருக்கறவங்க 86,000 பேருக்குப் பட்டா தர்றதுன்னு 2025 பிப்ரவரியில மந்திரிசபை முடிவு பண்ணாங்க. அதனால நீ மொதல்ல ஊட்டுக்கு மனு தட்டாதே, மனைக்குத் தட்டு. யார் எந்தப் புறம்போக்குல இருக்கறான், சர்வே நம்பர் இன்னா, நத்தமா, ஓடையா, மேய்க்காலான்னு பிரிச்சி எழுதிக்கோ. ஜமாபந்திக்குப் போறப்போ வெறும் கண்ணீரைக் கொண்டு போவாதே, சர்வே நம்பரைக் கொண்டு போ. கண்ணீரைப் பதிவு பண்ண அங்க ரிஜிஸ்தர் கெடையாது.

பட்டா இருக்கறவனையும் நம்பாதே. எடுத்துப் பாரு, அவன் தாத்தன் பேர்ல இருக்கும். தாத்தன் சுடுகாட்டுல, பேரு சிட்டாவுல. அதுலயும் கூட்டுப்பட்டான்னா அண்ணன் தம்பி அத்தினி பேரும் கையெழுத்துப் போடணும். அவங்க ஒண்ணா ஒக்காந்து பேசியே பத்து வருஷம் ஆயிருக்கும். வாரிசு சான்று வாங்கி, பேர் மாத்தி, தனிப்பட்டா ஆக்கறதுக்குள்ள ஒரு திட்டம் போய் இன்னொரு திட்டம் வந்துடும். 2010-ல கலைஞர் வீட்டு வசதித் திட்டம். 2011-ல அம்மா கொண்டாந்த பசுமை வீடு, 300 சதுர அடி, மேல சோலார் லைட்டு. இப்ப 360. ஆட்சி மாறினா ஊட்டுக்குப் பேரு மாறும், லைட்டு மாறும். பதிமூணு வருஷத்துல ஊடு வளர்ந்தது அறுவது அடி. கேக்கற காயிதம் அதைவிட நல்லா வளர்ந்திருக்குது.

டில்லிக்காரங்க திட்டமும் இருக்குது, 2016-ல வந்த பிரதமர் கிராம ஆவாஸ் யோஜனா. சமவெளிக்கு 1,20,000 ரூபா, நூறுல அறுவது அவங்க, நாப்பது நம்ம மாநிலம். அது போறாதுன்னு நம்மவங்க தளம் போடத் தனியா பணம் சேர்த்துக் குடுக்கறாங்க. கக்கூஸுக்கு 12,000 வேற கணக்கு. கூலிக்கு நூறு நாள் வேலையில 90 நாள்னு எழுதி வச்சாங்க. ஆனா யாரை எடுத்தாங்க? 2011-ல எடுத்த கணக்கை வச்சி 2016-ல ஊடு குடுக்க வந்தாங்க. ஏழை அஞ்சு வருஷம் அப்படியே அசையாம நின்னுக்கினு இருக்கணும். அப்புறம் அவங்களே உட்டுப்போனவங்களுக்கு மறுபடி கணக்கெடுத்தாங்க.

அதுல ஒரு வேடிக்கை கேளு. ஊட்டுல ஃப்ரிஜ் இருந்தா, தரைவழி போன் இருந்தா, மோட்டார் சைக்கிள் இருந்தா அவன் ஏழை இல்லைன்னு ரொம்ப நாள் வச்சிருந்தாங்க. ஓலைக் குடிசைக்குள்ள மாமனார் குடுத்த பழைய வண்டி ஒண்ணு நிக்கும். மழைக்கு ஒழுவுற கூரையைப் பாக்க மாட்டாங்க, வண்டியைப் பாப்பாங்க. 2024-லதான் அதையெல்லாம் எடுத்தாங்க. மாச வருமான வரம்பையும் பத்தாயிரத்துல இருந்து பதினைஞ்சாயிரம் ஆக்கினாங்க. அதுக்குள்ள எத்தினி பேரு வண்டியைப் பங்காளி ஊட்டுல ஒளிச்சி வச்சி போட்டோவுக்கு நின்னிருப்பான்னு நான் சொல்லணுமா?

பணம் வந்துட்டா முடிஞ்சிதுன்னு நெனைக்காதே. மூணரை லட்சத்தை 360-ஆல வகுத்துப் பாரு. சதுர அடிக்கு 972 ரூபா. அந்த ரேட்டுக்கு ஊடு கட்டித் தர்ற கொத்தனாரு கெடைச்சா என்கிட்ட கூட்டிக்கினு வா, மாலை போட்டு கோயிலைச் சுத்தி ஊர்வலம் விடலாம். அதுவும் மொத்தமா வராது. பேஸ்மெண்ட் போடு, போட்டோ எடு, பில்லு வரும். லிண்டல் ஏத்து, போட்டோ எடு, பில்லு வரும். தளம் போடு, போட்டோ எடு. மொதல்ல நீ செலவு பண்ணணும், அப்புறம்தான் அவங்க குடுப்பாங்க. கையில காசு இருந்தா அவன் எதுக்குடா குடிசையில இருக்கறான்? அதனால ஆர்டரு கைக்கு வர்றதுக்கு முன்னாடியே வட்டிக்காரன் ஊட்டு வாசல்ல நிப்பான். உனக்கும் உன் கூட்டாளிப் பசங்களுக்கும் மெய்யாவே தொண்டு செய்யணும்னு ஆசை இருந்தா, மனு எழுதறதோட நிக்காதே. பேஸ்மெண்டுக்கு வட்டியில்லாம கைமாத்து குடுக்க மகளிர் குழுவுல பேசு. சித்தாளு வேலைக்கு நீயே எறங்கு. லேப்டாப்பு சிமெண்டு கொழைக்காது.

அப்புறம், ஆவாஸ் ஊட்டை பொம்பளை பேர்ல எழுதணும், இல்லாட்டி ரெண்டு பேர் பேர்லயும் எழுதணும்னு சட்டம். ரொம்ப நல்ல சட்டம். குடிச்சிட்டு வர்றவன் ராத்திரி கதவைத் தட்டறப்போ யாரு ஊட்டுக்காரின்னு தெரிஞ்சி மெதுவா தட்டுவான். உங்க பாட்டிகிட்ட மட்டும் இதைச் சொல்லித் தொலைக்காதே. எனக்குத் திண்ணைகூட மிஞ்சாது.

கடைசியா ஒண்ணு. குடியரசு நாள், தண்ணி நாள், மே நாள், சுதந்தர நாள், காந்தி நாள், உள்ளாட்சி நாள்னு வருஷத்துல ஆறு தரம் கிராம சபை. டீயும் மிச்சரும் வர்றதுக்கு முன்னாடி பயனாளிப் பட்டியலை சத்தமா படிக்கச் சொல்லு. மாடி ஊட்டுக்காரன் பேரு வந்தா சண்டை போடாதே. "அண்ணே, உங்க குடிசை எந்தத் தெருவுல இருக்குது, போய்ப் பாத்துட்டு வரலாமா"ன்னு மரியாதையா கேளு. பராந்தகன் கல்வெட்டுல இன்னொரு விதி உண்டு. கணக்கு காட்டாதவன் மறுபடி சபைக்கு வரக்கூடாது, அவன் சொந்தக்காரனும் வரக்கூடாது. அத்தை மகன், மாமன் மகன் வரைக்கும் வெட்டி வச்சிருக்கான் மகராசன். அந்த ஒரு விதியை இன்னிக்கு மறுபடி கொண்டாந்தா, பாதி ஊர்ல சபையில ஒக்கார ஆள் இருக்காது. குடிசைக்காரன் மட்டும்தான் ஒக்காந்திருப்பான், அவன் கையில கணக்கு காட்ட ஒண்ணியும் இருந்ததில்ல பாரு.

2030-ல குடிசையில்லா தமிழ்நாடுன்னு சொல்றாங்க. குடிசையை இல்லாமப் பண்ண ரெண்டு வழிதான். குடிசையை ஊடாக்கலாம். இல்லைன்னா குடிசையைப் பட்டியல்ல இருந்து எடுத்துடலாம். ரெண்டாவது வழிக்கு சிமெண்டு வேணாம், கம்பி வேணாம், ஒரு பேனா போதும், ஒரே நாள்ல வேலை முடியும். எந்த வழியில போறாங்கன்னு கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கினு பாரு. இப்ப போய் அந்த ஏரிக்கரைக்காரன் சர்வே நம்பரை எழுதிக்கினு வா.