டயர் மருந்தும் எங்கள் பெரியப்பாவும்

எங்கள் ஊர் புக்கிட் பெலண்டோக் என்றால் சருகுமான் குன்று. மலாய்க் கதைகளில் இந்தச் சருகுமான் லேசுப்பட்ட பிராணி இல்லை. ஆற்றைக் கடக்கணும், ஆற்றிலே முதலை. "ராஜா உங்களுக்கு விருந்து வைக்கிறாராம், தலையை எண்ணிட்டு வரச் சொன்னார், வரிசையா நில்லுங்க" என்று முதலைகளை நிறுத்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்று முதுகு மேலேயே குதித்து அக்கரை சேர்ந்த கில்லாடி. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள், பின்னால் உதவும்.

வெளியுலகத்துக்கு எங்கள் ஊர் தெரிந்தது 1999-ல், நிபா வைரஸால். அந்தக் கதையில் சிரிக்க ஒன்றுமில்லை, விட்டுவிடலாம். நான் சொல்ல வந்தது அதைவிட ரொம்ப மூத்த வியாதி. தினமும் சாயங்காலம் சரியாக ஆஜராகும். பால்வெட்டு முடிந்து, குளித்து, தலை சீவி, விபூதி பூசிக்கொண்டு மனிதன் தானே நடந்து போய் வாங்கிக்கொண்டு வரும் ஒரே வியாதி அதுதான்.

கள்ளுக்கடையைச் சொல்கிறேன். தோட்டத்துக் கள்ளுக்கடை கள்ளத்தனமான சமாசாரம் இல்லை ஐயா, முறையாக லைசென்ஸ் வாங்கியது. பல தோட்டங்களில் அதை நடத்தியதே நிர்வாகம்தான். காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டுச் சம்பளம் எழுதுவார்கள், சாயங்காலம் அந்தச் சம்பளத்தைக் கள்ளுக்கடையில் திரும்ப எண்ணி வாங்கிக்கொள்வார்கள். வட்டியில்லாத பேங்க்! கடை லாபத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவழிக்க வேண்டும் என்று ஓர் ஏற்பாடு வேறு. ஆக, அப்பா எவ்வளவு குடிக்கிறாரோ அவ்வளவு சீக்கிரம் மகனுக்குப் பந்து விளையாடத் திடல். இப்படி ஒரு பாசமான பொருளாதாரத்தை எந்த யூனிவர்சிட்டியிலும் சொல்லித்தரமாட்டார்கள்.

சீனர்களுக்கு வேறு கவுண்டர். அவர்களுக்கு அபின். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியின் அரசு வருமானத்தில் கிட்டத்தட்டப் பாதி அபினிலிருந்து வந்தது. அபினால் வரும் தீமையை ஆராயக் கமிஷன் போட்டதும் அதே அரசுதான். கமிஷனுக்கான செலவு எந்தக் கல்லாவிலிருந்து போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், தலை சுற்றும்.

அந்தச் சமயத்தில்தான், 1907 வாக்கில், மலாயாவில் ஒரு அதிசய மூலிகை கிளம்பியது. காட்டில் மரம் வெட்டப் போன சீனத் தொழிலாளிகளுக்குத் தேயிலை தீர்ந்துபோய், கைக்கு அகப்பட்ட ஒரு கொடியின் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தார்களாம், அபின் ஆசையே விட்டுப்போச்சாம். கதை அப்படித்தான் போகிறது. கொடியின் பெயர் கொம்ப்ரீட்டம் சுண்டைக்கம். கேட்கவே கூட்டு வைக்கத் தோன்றுகிற பெயர்! கோலாலம்பூரில் கஷாயத்துக்குக் கூட்டம் அலைமோதியது. பாதிரியார்கள் பரவசமானார்கள். இலை கப்பலேறிப் பல நாட்டு ரசாயனக்காரர்களின் மேசைக்குப் போனது. அவர்கள் அரைத்தார்கள், வடிகட்டினார்கள், தலையைச் சொறிந்தார்கள். சாதாரணத் தேநீரில் இருக்கிற மாதிரி துவர்ப்புச் சத்து இருந்தது. அபினை விரட்டுகிற சரக்கு ஒன்றுமே இல்லை.

அப்புறம் எப்படிச் சிலருக்குப் பலித்தது? கஷாயம் கொடுத்த முறையில் இருந்தது சூட்சுமம். இரண்டு பாட்டில். இரண்டிலும் இலைக் கஷாயம், ஒன்றில் மட்டும் அவரவர் அளவுக்கு அபினையும் கலந்துவிடுவார்கள். அபின் பாட்டிலில் ஒரு வேளை குடித்தால், குறைந்த அளவுக்கு மற்ற பாட்டிலிலிருந்து வெறும் கஷாயத்தை ஊற்றி நிரப்பணும். அடுத்த வேளையும் அப்படியே. பாட்டில் எப்போதும் நிரம்பியே இருக்கும், உள்ளே அபின் மட்டும் சொட்டுச் சொட்டாகக் கரைந்து காணாமல் போகும். உடம்பு என்னும் முதலைக்கு விருந்து நடக்கிற நினைப்பு, நம்ம ஆள் அதன் முதுகில் மிதித்து அக்கரைக்கு வந்துவிடுகிறான். இன்றைக்கு டாக்டர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு 'படிப்படியாக டோஸ் குறைப்பது' என்பார்களே, அதேதான். புகழெல்லாம் இலைக்குப் போய்விட்டது. வேலை செய்த பாட்டிலை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மலாயாக்காரர்கள் ஏமாந்தார்கள் என்று சிரிக்கவேண்டாம். உலகத்துப் பெரிய மூளைகள் இதே விஷயத்தில் சறுக்கிய அழகுக்கு முன்னால் நம்ம கஷாயம் தெய்வப் பிரசாதம். வியன்னாவில் சிக்மண்ட் ஃப்ராய்ட், 1884-ல், மார்ஃபினுக்கு அடிமையான தன் நண்பர் ஃப்ளைஷலைக் கரையேற்றக் கொக்கெயின் கொடுத்தார். நண்பர் ஒன்றிலிருந்து மீளவில்லை, இரண்டுக்கும் அடிமையானார். பிறகு ஃப்ராய்ட் மருந்தை விட்டுவிட்டு ஆளைப் படுக்கவைத்துக் கனவைக் கேட்கிற தொழிலுக்குப் போனதில் நியாயம் இருக்கிறது. 1898-ல் பேயர் கம்பெனி இருமலுக்கு ஒரு புது மருந்து கொண்டுவந்தது. மார்ஃபின் மாதிரி ஆளைப் பிடிக்காது என்று பேச்சு. வீரியமான சரக்காச்சே, பெயரும் வீரமாக இருக்கட்டும் என்று வைத்தார்கள்: ஹெராயின்.

அமெரிக்காவில் இல்லினாயின் ட்வைட் என்ற சின்ன ஊரில் டாக்டர் லெஸ்லி கீலி. குடியை நிறுத்தத் தங்க ஊசி! தங்கத்தின் இரட்டைக் குளோரைடு என்று கம்பீரமாகச் சொல்லிக்கொண்டு நாளுக்கு நாலு ஊசி போட்டார். கிளை மேல் கிளை, இன்றைய பபிள் டீ கடை மாதிரி. மருந்தைச் சோதித்தவர்களுக்குத் தங்கம் தட்டுப்படவில்லை. தங்கமெல்லாம் எங்கே சேர்ந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளணும்: குடிகாரனைப் பாவி என்று ஊர் துப்பிய காலத்தில், இது வியாதி, வா உட்கார் என்று நாற்காலி போட்ட மனுஷன் அவர். ஊசி பொய், நாற்காலி நிஜம்.

இனி நம் பால்மரத்துக்கு வருகிறேன். பிரேசிலின் ரப்பர் விதையை 1876-ல் ஹென்றி விக்கம் லண்டனுக்குக் கொண்டுபோனார். அந்த மரம் பிறகு வந்து சேர்ந்த சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு அதிகாரியாக வந்த ரிட்லி, பார்க்கிற துரைமாரிடமெல்லாம் ரப்பர் நடு, ரப்பர் நடு என்று நச்சரித்து 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டம் வாங்கினார். நம் ஊரில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டைக் கண்டால் ஒளிவோமே, அதே மரியாதை. கடைசியில் பைத்தியம் சொன்னதுதான் பலித்தது. ரிட்லியும் 1956 வரை நூறு வயது வாழ்ந்து, கேலி செய்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்வதைப் பார்த்துவிட்டுத்தான் கண் மூடினார்.

மரத்தில் வடிகிற பால் அப்படியே டயர் ஆகிவிடாது. கந்தகம் சேர்த்துச் சூடேற்றணும். அது சீக்கிரம் வேகச் சில ரசாயனங்களைக் கலப்பார்கள், பருப்பு வேகச் சோடா உப்புப் போடுகிற மாதிரி. அவற்றில் ஒன்றுக்கு டைசல்ஃபிரம் என்று பெயர். 1881-லேயே ஜெர்மனியில் தயாரித்துவிட்டார்கள். டயருக்கும் பூட்ஸுக்கும் ஆச்சு என்பதோடு விட்டுவிட்டார்கள்.

1937-ல் அமெரிக்காவில் ரப்பர் தொழிற்சாலை டாக்டர் வில்லியம்ஸ் ஒரு வினோதத்தைக் கவனித்தார். இந்த ரசாயனத்தின் பங்காளி ஒன்றோடு புழங்குகிற தொழிலாளிகள் வேலை முடிந்து ஒரு பீர் குடித்தால் போச்சு, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டி, வேண்டாம்டா சாமி என்று ஓடினார்கள். சிலர் குடியையே விட்டார்கள். இது குடிக்கு மருந்தாகுமோ என்று அவரே எழுதியும் வைத்தார். உலகம் படித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

மறுபடி அது எழுந்தது கோப்பன்ஹேகனில். எரிக் ஜேக்கப்ஸன், யென்ஸ் ஹால்ட் என்று இரண்டு பேர் ஒரு மருந்துக் கம்பெனியில் தேடிக்கொண்டிருந்தது குடிக்கு மருந்தா? இல்லை, வயிற்றுப் பூச்சிக்கு! டைசல்ஃபிரம் பூச்சியைக் கொல்லுமா என்று பார்க்கணும். முயலுக்குக் கொடுத்தாச்சு, மனுஷனுக்கு? தாங்களே முழுங்கினார்கள். நம்மூர்ச் சமையல்காரர் உப்புப் பார்க்கிற மாதிரி மருந்தை ருசி பார்க்கிற வழக்கம் அங்கே இருந்தது. மாத்திரை பேசாமல் இருந்தது. பிறகு சாதாரணமாக மது குடித்தபோதுதான் இரண்டு பேருக்கும் முகம் தக்காளி. பார்த்துக்கொண்டு 'உனக்குமா?' என்று கேட்ட கணத்தில் பூச்சி பிழைத்தது, கள்ளுக்கடை மாட்டியது.

1948 டிசம்பர் 25-ஆம் தேதியிட்ட லான்செட் பத்திரிகையில் கட்டுரை வந்தது. ஊரே கிளாஸும் கையுமாக இருக்கிற கிறிஸ்மஸ் அன்று, குடித்தால் குமட்டவைக்கிற மாத்திரை அறிவிப்பு! அன்டாபியூஸ் என்று பெயர் சூட்டினார்கள். ஆரம்பத்தில் ஆர்வக்கோளாறில் டோஸைத் தாராளமாகக் கொடுத்ததில் சில உயிர்களும் போயின. அப்புறம்தான் அளவைக் குறைத்தார்கள்.

இவர்கள் இதைக் குடைந்துகொண்டிருந்த 1947-ல் கெடா தோட்டங்களில் நம்மவர்கள் வேறு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடை வாசலை மறித்து நின்றது. போலீஸ் வந்தது, மோதல் வந்தது, உயிரும் போனது. அங்கே ஒரு மாத்திரை செய்கிற வேலையை இங்கே லத்திக்கு எதிரே வெறுங்கையால் செய்தார்கள். ஹார்வர்ட் என்றால் உங்களுக்கு அமெரிக்காதான் ஞாபகம் வரும், எங்களுக்கு இது.

அபினின் பேரப்பிள்ளை ஹெராயின் பின்னால் மலேசியாவைப் பிடித்தது தனிக் கதை. 1983-ல் அதை நாட்டின் பாதுகாப்புக்கே மிரட்டல் என்று அறிவித்து, பட்டாள பாணியில் முகாம் போட்டு டிரில் வாங்கினார்கள். லெஃப்ட் ரைட் போட்டவர்கள் அதே மிடுக்கோடு பழைய சந்துக்கே திரும்பினார்கள். 2005-ல் ஹெராயினுக்கு மாற்றாக மெத்தடோன் வந்தது. இனிப்புச் சிரப், தினமும் கிளினிக்கில் கண்முன்னால் குடிக்கணும். அடோல்ஃப் ஹிட்லரைக் கௌரவிக்கத்தான் அதற்கு டோலோஃபின் என்று பெயர் வைத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வரும், நம்பாதீர்கள். 1947-ல் அந்தப் பெயரில் விற்றது அமெரிக்கக் கம்பெனி. 2010-ல் கோலாலம்பூரில் ஒரு மசூதியிலேயே மெத்தடோன் கொடுக்க ஆரம்பித்தார்கள். தொழுகையும் மருந்தும் ஒரே வாசலில். கம்மனாட்டி என்று திட்டு வாங்கியவன் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

இப்போது பெரியப்பா. எண்பதுகளில் எங்கள் லயத்தில் பால்வெட்டுக்கு அவரை அடிச்சுக்க ஆள் இல்லை. பட்டையைச் சீவினால் முடி கனம்தான் போகும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்தக் கைக்குப் பொத்தானைப் போடத் தெரியாது. பெரியம்மா யார் சொல்லியோ எங்கிருந்தோ அந்த அன்டாபியூஸ் மாத்திரையை வாங்கி வந்து, அம்மியில் நுணுக்கி, நெத்திலிச் சம்பலில் பிசைந்துவிட்டார். அவரிடம் மூச்சுவிடவில்லை.

கள்ளுக்கடையில் இரண்டாவது கிளாஸ். கால் மணி நேரத்தில் பெரியப்பா ரம்புத்தான் நிறம். நெஞ்சுக்குள் தப்பு அடிக்கிறது. "என்னடா கலந்தே?" என்று கள்ளுக்கடைக்காரர் சட்டையைப் பிடித்தார். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கள்ளில் தண்ணியைத் தவிர வேறு எதையும் கலக்காத மனுஷன் பாவம், அழுதேவிட்டார்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டார். பெரியம்மாவை அவர் திட்டிய திட்டு நாலு லயத்துக்குக் கேட்டது. "சொல்லாம கொடுத்தா ஆளே போயிடுவாரும்மா!" அப்புறம் பெரியப்பாவுக்கு விளக்கினார்: "நீங்க குடிக்கறது உள்ளே போய் முதல்ல ஒரு விஷமாகும், அப்புறம் வினிகர் மாதிரி ஆகிப் போயிடும். இந்த மாத்திரை நடுவுல ரயில்வே கேட்டைப் போட்டுடும். விஷம் வண்டி வண்டியா நிக்கும்." ரப்பருக்குப் போடுகிற மருந்துதான் இது என்பதையும் சொன்னார். பெரியப்பாவுக்கு அதுதான் பிடித்துப்போச்சு. "அப்ப நம்ம சரக்குதான்" என்றார். பால் நம்முது, மருந்து எவனுதோ என்று திருத்த டிரெஸர் வாயெடுத்தார், பிறகு விட்டுவிட்டார்.

பெரியப்பா சம்மதித்து ஆரம்பித்தார். தினமும் பெரட்டுக்குப் போகுமுன் கருப்புக் கோப்பியோடு பெரியம்மா கையால் மாத்திரை, முழுங்கி நாக்கை நீட்டிக் காட்டணும். மாதக் கணக்கில் ஓடியது. பொத்தான் எல்லாம் நேராகப் போட்டார்.

ஹரி ராயாவுக்குக் கம்பத்து வீட்டில் விருந்து. லெமாங், ரெண்டாங், கடைசியில் இலையில் பொதிந்த தப்பாய். புளிக்கவைத்த ஒட்டரிசிச் சோறு, இனிப்பாக, உள்ளுக்குள் திருட்டுத்தனமாகக் கொஞ்சம் போதை. தெரியாமல் மூன்று பொட்டலம் உள்ளே தள்ளினார் பெரியப்பா. பாயில் உட்கார்ந்தபடியே காது மடல் சிவந்தது, கழுத்து சிவந்தது. வீட்டுக்கார ஹாஜி பதறி விசிறினார். பெரியம்மாவின் பார்வை ஈட்டி.

"சத்தியமாடி," என்றார் பெரியப்பா, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "நான் சோறுதான் தின்னேன்!"